நூலகத்துக்கு வருபவரை எப்படி அழைப்பது: வாசகரா, வாடிக்கையாளரா, புரவலரா?

வாசகர் என்பதே சரி என்பேன். வாடிக்கையாளர் என்றால் காசு கொடுத்துப் பொருள் வாங்குபவர். தமிழ்நாட்டில் 1948-ஆம் ஆண்டு நூலகச் சட்டத்தின்படி சொத்து வரியோடு நூலக வரியும் வாங்குகிறார்கள்; ஆக, நூலகம் ஏற்கெனவே ஊர்மக்களுடையது. ஊர்ப் பொதுக்கிணற்றில் தண்ணீர் இறைப்பவரை வாடிக்கையாளர் என்போமா? புரவலர் என்பது நன்கொடை தந்தவருக்கான பெயர். கதவு திறக்கும் முன்பே வாசலில் நின்று, உள்ளே போனதும் நாளிதழின் நடுத்தாளை உருவிப் பக்கத்தில் இருப்பவருக்கு நீட்டுகிறாரே ஒரு பெரியவர், அவர் வாசகர்தான். நூலகங்களும் 'வாசகர் வட்டம்' என்றுதானே வைத்திருக்கின்றன!

அப்புறம், உறுப்பினர் அட்டை இருந்தால்தான் உள்ளே விடுவார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப்போகத்தான் அட்டை. உட்கார்ந்து படிக்க அது தேவையில்லை.