டர்பனில் வாழும் தமிழ்க் குடும்பத்தின் அபூர்வமான குடும்பப் பெயரை வைத்துப் பூர்விக ஊரைக் கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். ஆனால் பெயர் உங்களை நேராக ஊருக்குக் கொண்டுபோய் விடாது, கொண்டுபோவது கப்பலில் வந்த முன்னோருக்குக் கொடுத்த எண். அந்த எண்ணைக் கண்டுபிடிக்கத்தான் பெயர் உதவும்.

1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பன் துறைக்கு வந்து சேர்ந்தது. அன்று தொடங்கி 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் இருக்கும் நேட்டால் காலனிக்கு வந்தார்கள். பெரும்பாலோர் சென்னையில் கப்பல் ஏறியவர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு காலனி எண் உண்டு. கப்பல் பதிவேட்டில் அந்த எண்ணுக்கு நேரே பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடலில் உள்ள அடையாளம் எல்லாம் எழுதியிருக்கும். குடும்பப் பெயர் என்று ஒரு கட்டமே அதில் கிடையாது.

உங்கள் குடும்பப் பெயர் அங்கே போன பிறகு உண்டானது. பிள்ளைகளின் பிறப்பைப் பதியும்போதோ பள்ளியில் சேர்க்கும்போதோ தகப்பன் பெயரைப் பின்னால் எழுதினார்கள். அது அப்படியே தலைமுறைக்கும் நிலைத்துவிட்டது. சிலர் சாதிப் பட்டத்தைப் போட்டுக்கொண்டார்கள். கூடப் பிறந்த அண்ணன் தம்பிக்கே வேறு வேறு குடும்பப் பெயர் அமைந்ததும் உண்டு. ஆகவே பதிவேட்டில் அந்தப் பெயரை வந்தவர் பெயராகவும் தேடுங்கள், தகப்பன் பெயராகவும் தேடுங்கள். பெயர் அபூர்வமாக இருப்பது உங்களுக்கு நல்லதுதான். நாயுடு, பிள்ளை, மூட்லி (முதலியார்) என்று இருந்தால் ஆயிரக்கணக்கான வரிகளில் ஆளைப் பொறுக்க வேண்டும். கோவெண்டர் (கவுண்டர்) என்றதும் கோயம்புத்தூருக்கு ஓடுபவர்களும் இருக்கிறார்கள். ஆர்க்காடு, சேலம் பக்கத்து வன்னியர்களுக்கும் கவுண்டர் பட்டம் உண்டு என்பதை மறந்துவிடக் கூடாது.

எண்ணைத் தேடும் வேலையைக் கடைசித் தலைமுறையிலிருந்து பின்னோக்கிச் செய்யுங்கள். தென்னாப்பிரிக்க உள்துறை அலுவலகத்தில் சுருக்கச் சான்றிதழ் வாங்கினால் பயன் இல்லை. மூலப் பதிவின் நகலான வால்ட் காப்பியைக் கேளுங்கள். பழைய பிறப்பு, திருமணப் பதிவுகளில் பெற்றோரின் காலனி எண்ணை எழுதும் வழக்கம் இருந்தது. அது கிடைக்காவிட்டால் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்தில் உள்ள சொத்துக் கோப்புகளைப் பாருங்கள். இறந்தவரின் தாய் தகப்பன், பிறந்த இடம், மனைவி மக்கள் விவரம் அதில் இருக்கும். இந்தக் கோப்புகளில் பல ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளித் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. விவரம் சொன்னவர் பெரும்பாலும் மகனோ மருமகனோ என்பதால், பிறந்த இடம் என்ற இடத்தில் வெறுமனே ‘மெட்ராஸ்’ என்றுதான் இருக்கும். அது ஏறிய துறைமுகம். அதை ஊர் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

எண் கிடைத்ததும் முதலில் சரிபாருங்கள். வந்தவர்களின் மொத்த எண்ணிக்கையை வெகுவாகத் தாண்டினால் ஏதோ ஒரு இலக்கத்தைத் தவறாகப் படித்திருக்கலாம். 1866க்குப் பிறகு 1874 வரை ஆள் கொண்டுவருவது நின்றிருந்தது. எனவே ‘தாத்தா 1870ல் வந்தார்’ என்று வீட்டில் சொன்னால் வருடத்தை நம்ப வேண்டாம். பதிவேட்டில் உங்கள் ஆளின் வரியோடு நிறுத்திவிடாமல் மேலும் கீழும் பத்துப் பதினைந்து எண்களைப் படியுங்கள். கணவன், மனைவி, பிள்ளைகள், ஒரே ஊர்க்காரர்கள் அடுத்தடுத்த எண்களில் வருவார்கள். கிராமத்தின் பெயர் ஒரு வரியில் சிதைந்திருந்தால் பக்கத்து வரியில் தெளிவாக இருக்கும்.

பலரும் தடுக்கி விழும் இடம் எழுத்துக்கூட்டல். குமாஸ்தா காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதினார். க, ச, ட, த, ப எல்லாவற்றுக்கும் தமிழில் ஒரே எழுத்துக்கு இரண்டு ஒலி. கந்தன் ‘ka’விலும் இருப்பார், ‘ga’விலும் இருப்பார். முனிசாமி முன்சாமி ஆவார், மூன்சாமியும் ஆவார். ழகரம் பெரும்பாலும் லகரமாகவோ யகரமாகவோ திரிந்திருக்கும்; மொரீஷியஸில் பழனியாண்டி என்ற பெயர் பைனியாண்டி என்றே நிலைத்துவிட்டது. உங்கள் பெயரை உரக்கச் சொல்லிப் பார்த்து, உயிரெழுத்துகளைத் தள்ளிவிட்டு மெய்களை மட்டும் வைத்துத் தேடுங்கள்.

பெயரில் பிரெஞ்சு வாடை அடித்தால், அதாவது கடைசி ‘அன்’ ஒலி ‘என்’ என்று எழுதப்பட்டிருந்தால், குடும்பம் மொரீஷியஸ் வழியாக நேட்டாலுக்கு வந்திருக்க வாய்ப்புண்டு. அப்போது நேட்டால் பதிவேட்டில் தேடிப் பயனில்லை. மொரீஷியஸின் மோக்கா ஊரில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தின் குடியேற்ற ஆவணங்களைப் பார்க்க வேண்டும்.

ஊர்ப் பெயர் கிடைத்ததும் கூகுள் வரைபடத்தைத் திறக்காதீர்கள். ஒரே பெயரில் பல கிராமங்கள் இருக்கும். தாலுகாதான் முடிவு சொல்லும். வாண்டிவாஷ் என்பது வந்தவாசி, ஆர்னி என்பது ஆரணி, சிங்கிள்பட் என்பது செங்கல்பட்டு. ஜில்லா எல்லைகளும் மாறிவிட்டன. வட ஆர்க்காடு என்று எழுதியிருந்தால் அந்த ஊர் இன்று ஆந்திராவில் இருக்கலாம், ஏனென்றால் சித்தூர் ஜில்லா 1911ல்தான் பிரிந்தது. சேலம் என்றால் தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கமும் பாருங்கள்.

ஊருக்குப் போகும்போது பட்டா, சிட்டாவை நம்பிப் போகாதீர்கள். கப்பல் ஏறியவர்களில் பலருக்கு நிலமே கிடையாது. டர்பன் வீட்டில் இன்னும் கும்பிடும் குலதெய்வத்தின் பெயர், அதற்கு என்ன படைப்பார்கள், எந்த மாதம் படைப்பார்கள் என்பதை மூத்தவர்களிடம் முன்கூட்டியே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கிராமத்துப் பெரியவர்களிடம் உங்கள் குடும்பப் பெயரைச் சொன்னால் ஒருவருக்கும் புரியாது. பதிவேட்டில் உள்ள தகப்பன் பெயரையும் குலதெய்வத்தையும் சேர்த்துச் சொன்னால், அந்தச் சாமிக்குப் பங்காளிகள் யார் யார் என்று வீடு வீடாகக் காட்டுவார்கள்.