உள்ளுக்குப் பிரட்டிப் பாருங்கள்

வாசகர் கேள்வி பதில்

மாரி கிட்டினால் எனக்கு வருகிற கடிதங்களும் மாறிவிடும். கோடை முழுக்கச் சட்டைக் கழுத்து வெட்டுப் பற்றிக் கேட்டவர்கள் இப்போது பிள்ளைகளின் மழைக்கோட்டு, சப்பாத்து, கூடாரம் என்று கேட்டு எழுதுகிறார்கள். நான் கிளிநொச்சியில் கரடிப்போக்குச் சந்திக்குக் கிட்டத் தையல் கடை வைத்திருக்கிறவள். இடம்பெயர்ந்து திரிந்த காலத்தைக் கழித்தால் 20 வருடமாக மெசின் மிதிக்கிறேன். உடுப்பைப் பிரித்துத் தைத்த கைக்குத் தெரிந்ததைத்தான் சொல்லப் போகிறேன்.

கேள்வி: கனடாவில் இருக்கும் தங்கை பிள்ளைகளுக்கு இரண்டு மழை ஜக்கெற் அனுப்பினாள். அளவு பெரிதென்று இரண்டு வருடம் சூட்கேசில் வைத்திருந்தேன். போன மழைக்கு எடுத்துப் போட்டால் பத்து நிமிடத்தில் தோளெல்லாம் ஈரம். உட்பக்கம் வெள்ளை வெள்ளையாக உதிர்கிறது. நல்ல கொம்பனிச் சாமான் இப்படியாகுமா? மகன் ஐந்து கிலோமீற்றர் சைக்கிள் ஓடிப் பள்ளிக்கூடம் போகிறவன். புதிதாக வாங்குவதென்றால் எப்படிப் பார்த்து வாங்குவது?
– ஒரு தாய், புதுக்குடியிருப்பு

பதில்: கொம்பனியைக் குறை சொல்ல ஏலாது, தங்கச்சி. மழை ஜக்கெற்றில் தண்ணீரை மறிக்கிறது துணி இல்லை, துணியின் உட்பக்கத்தில் தடவியிருக்கிற மெல்லிய பொலியூரித்தேன் பூச்சு. சூடும் ஈரப்பதனும் சேர்ந்தால் அது முதலில் பிசுபிசுக்கும், பிறகு பொருக்காக உதிரும். தகரக் கூரைக்குக் கீழே சூட்கேசுக்குள் இரண்டு காண்டாவன வெயில் காலம் கிடந்த ஜக்கெற் வேறென்ன செய்யும்? உதிரத் தொடங்கினதை வீட்டில் வைத்துத் திருத்த முடியாது. ஆனால் எறிந்துவிடாதீர்கள். அதற்கு ஒரு வேலை இருக்கிறது, கடைசிக் கேள்வியில் வருகிறது.

புதிதாக வாங்கும்போது கடையிலேயே உடுப்பை உள்ளுக்குப் பிரட்டிப் பாருங்கள். தையல் போன வழியெல்லாம் மேலே ஒரு வழுவழுப்பான பட்டி ஒட்டியிருக்க வேண்டும். தோள், கைக்குழி, தொப்பி சேருகிற இடம் மூன்றையும் விரலால் தடவிப் பாருங்கள். பட்டி இல்லையென்றால் விற்கிறவர் எதைச் சொன்னாலும் அது தூறலுக்கு மட்டும்தான்.

இதை நான் பட்டுத்தான் படித்தேன். மூத்தவள் ஆறாம் வகுப்புப் படிக்கிறபோது நானே அவளுக்கு ஒரு மழைக்கோட்டுத் தைத்தேன். கூடாரத் துணி, நல்ல நீலம். உறுதிக்காகத் தோளில் இரட்டைத் தையல், அழகுக்காக நெஞ்சில் மஞ்சள் நூலில் ஒரு சூரியகாந்திப் பூ. முதல் மழையில் பிள்ளை நனைந்து வந்து நிற்கிறாள். கோட்டைக் கழற்றினால், வெள்ளைச் சட்டையில் தோள் நெடுகக் கோடு கீறினது போல ஈரம். நெஞ்சில் பூ இருந்த இடத்தில் அச்சொட்டாகப் பூவைப் போலவே ஈரம்! ஊசி போன ஒவ்வொரு ஓட்டையும் ஒரு குழாய். இரட்டைத் தையல் போட்டால் குழாயும் இரட்டை. அன்றைக்கு அவளுடைய கணக்குக் கொப்பியும் கரைந்து போனது.

அடுத்தது வேர்வை. நம்முடைய மழை குளிர்நாட்டு மழை இல்லை. பிளாஸ்ரிக் போல மூடின கோட்டுக்குள் ஐந்து கிலோமீற்றர் மிதித்தால் பிள்ளை உள்ளாலேயே நனைந்துவிடும். முதுகில் மடிப்பு வைத்து, அதற்குக் கீழே வலை போட்டுக் காற்றோட்டம் விட்டிருக்கிறதா என்று பாருங்கள். அல்லது கைக்குழியில் சிப் வைத்திருப்பார்கள். போர்வை மாதிரித் தொங்குகிற கோட்டு சைக்கிளுக்கு வேண்டாம், சில்லுக்குள் போகும். தொப்பியைப் போட்டுப் பிள்ளையின் தலையைத் திருப்பச் சொல்லுங்கள். தொப்பியும் சேர்ந்து திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் பிள்ளைக்குப் பரந்தன் – முல்லைத்தீவு வீதியில் பின்னால் வருகிற லொறி தெரியாது, துணிதான் தெரியும். கழுத்தில் இழுத்துக் கட்டுகிற கயிறு இருந்தால் உருவிவிட்டு இலாஸ்ரிக் போடுங்கள். எதிலாவது கொழுவினால் கழுத்தை இறுக்கும். நிறம் மஞ்சள் அல்லது செம்மஞ்சள். வெளிச்சம் பட்டால் மின்னுகிற பட்டியை முதுகில் போட விரும்பினால், இப்போது உங்களுக்கே தெரியும், தைக்காதீர்கள், ஒட்டுங்கள்.

புத்தகப்பைக்கு மேலே போடுகிற மழையுறையை நான் நம்புவதில்லை. பிள்ளையின் முதுகோடு சேருகிற பக்கம் திறந்துதானே கிடக்கிறது. முதுகால் வழிகிற தண்ணீர் அந்த வழியாலேயே போகும். பைக்குள்ளே தடித்த பொலித்தீன் பை ஒன்றை வைத்து, அதற்குள் கொப்பிகளை வைத்து வாயை முறுக்கிவிடுங்கள். செலவு ஒன்றுமில்லை.

கேள்வி: மகனுக்கு 11 வயது. ஓட்டம், உதைபந்து இரண்டும். மைதானம் முழுக்கக் கிரவல். மூன்று மாதத்தில் சப்பாத்து வாயைப் பிளக்கிறது. கன நாள் போடட்டும் என்று இரண்டு அளவு கூட வாங்கிக் கொடுக்கிறேன். மனைவி பேசுகிறாள்.
– ஒரு தகப்பன், மாங்குளம்

பதில்: மனைவி பேசுவது சரி, தம்பி. பெரிய சப்பாத்துக்குள் கால் முன்னும் பின்னும் ஓடும். குதிக்கால் கொப்பளிக்கும், விரல் நுனி போய் இடிக்கும், பிள்ளை காலை இழுத்து இழுத்து ஓடும். அந்த இழுவையில்தான் முன்பக்கம் வாயைப் பிளக்கிறது. நீண்ட விரலுக்கு முன்னால் உங்கள் பெருவிரல் அகலம் இடம் இருந்தால் போதும்.

பின்னேரத்தில் பிள்ளையை ஒரு கடதாசியில் எழும்பி நிற்கவைத்து இரண்டு காலையும் சுற்றிக் கீறுங்கள். நாள் முழுக்க நடந்த கால் பின்னேரம் கொஞ்சம் வீங்கியிருக்கும், விளையாட்டு நேரத்து அளவும் அதுதான். இரண்டு காலும் ஒரே அளவாக இருக்காது, பெரிய காலுக்கு வாங்க வேண்டும். கீறினதை வெட்டிக் கடைக்குக் கொண்டுபோய், சப்பாத்தின் உள் அட்டையை வெளியே எடுத்து அதன்மேல் வைத்துப் பாருங்கள். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகாத நாளிலும் இந்தக் கணக்குப் பிழைக்காது. பிறகு சப்பாத்தை இரண்டு கையாலும் மடியுங்கள். விரல் மடிகிற இடத்தில் அதுவும் மடிய வேண்டும். நடுவால் மடிந்தால் அதை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.

முள்ளு வைத்த உதைபந்துச் சப்பாத்து புல்லுத்தரைக்கு உரியது. கிரவலில் முள்ளு தரைக்குள் இறங்காது, பிள்ளையின் முழுப்பாரமும் அந்தச் சில முள்ளுகளில் நிற்கும், குதிக்கால் நோகும். அடியில் சின்னச் சின்னக் குமிழாக நிறைய இருக்கிறதை, சுற்றிவர அடியோடு சேர்த்துத் தைத்ததை எடுங்கள். வெறும் பசையில் ஒட்டினது வெயிலில் காய்கிற ஒவ்வொரு முறையும் கொஞ்சம் விடும். கழுவினால் உள்ளே பழைய பேப்பரை அடைத்து நிழலில் காயவிடுங்கள். தகரத்துக்கு மேலே காயவைக்கிற பழக்கம் நம்மூரில் எல்லா வீட்டிலும் உண்டு, என் வீட்டிலும் உண்டு, நானே திட்டிக்கொண்டுதான் எடுத்து வைப்பேன்.

வெளியே கழற்றி வைத்த சப்பாத்தைத் தட்டாமல் கால் விடவேண்டாம் என்று பிள்ளைக்குச் சொல்லிப் பழக்குங்கள். தேளும் வரும், பாம்புக்குட்டியும் வரும். மைதானத்தால் திரும்புகிற நேரம் மம்மல் என்றால் கையில் ரோச் லைற். புடையன் பாம்பு வெளிக்கிடுகிற நேரமும் அதுதான்.

கேள்வி: லண்டனில் இருக்கும் தம்பி அடுத்த ஆவணிக்குக் குடும்பத்தோடு வருகிறான். எல்லோருமாக மடு மாதா கோயில் திருவிழாவுக்குப் போய் நாலு நாள் தங்க யோசனை. அங்கிருந்தே கூடாரம் வாங்கி வரவா என்று கேட்கிறான். எங்களிடம் தரப்பாள் இருக்கிறது. எது நல்லது?
– வவுனியா வாசகி

பதில்: நான் சைவக்காரி. ஆனால் மடுவுக்குப் போகாத வன்னிச் சனம் இருக்கிறதா? ஓகஸ்ற் 15 திருவிழாக் காலத்தில் மழைக்கு இடமில்லை, சோளகமும் புழுதியும் வெக்கையும்தான். லண்டன் கடையில் முன்னால் வைத்திருக்கிற கூடாரம் அந்த ஊர் மழைக்கும் குளிருக்கும் செய்தது. அதை மூடிக்கொண்டு மத்தியானம் படுத்தால் இட்லிப் பானைக்குள் படுத்த மாதிரி இருக்கும்.

ஆனால் கூடாரத்தில் ஒரு நல்ல குணம், அடித்தளம் சுவரோடு சேர்த்துத் தைத்திருக்கும். இரவில் எண்ணெய் விரியன் நிலத்தில் படுத்திருக்கிற ஆட்களைத்தான் கடிக்கிறது. கடிபட்டது தெரியாமலே நித்திரையாகக் கிடக்கிறவர்கள் உண்டு. பாயும் பெட்சீற்றும் அதை மறிக்காது. ஆகவே தம்பியிடம் சொல்லுங்கள்: உள்கூடாரத்தின் சுவர் முக்கால்வாசியும் வலையாக இருக்கிறதைப் பார்த்து வாங்கட்டும், மேலே போடுகிற மழையுறையை லண்டனிலேயே விட்டுவிட்டு வரட்டும். நீங்கள் உங்கள் தரப்பாளை மரத்துக்கு மரம் உயர்த்திக் கட்டி, அதன் நிழலில் கூடாரத்தை வையுங்கள். காற்றும் வரும், பாம்பும் வராது. சிப்பை மட்டும் எந்த நேரமும் பூட்டி வைக்கவேண்டும். பிள்ளைகளில் ஒரு ஆளை அதற்குப் பொறுப்பாக விடுங்கள், வேலை கொடுத்தால் செய்வார்கள்.

தரப்பாள் கட்டுவது பற்றி வன்னியில் யாருக்கும் பாடம் எடுக்கத் தேவையில்லை. 2008 கார்த்திகை மழைக்கு நாங்கள் தருமபுரத்தில் தரப்பாளுக்குக் கீழேதான் இருந்தோம். ஆனால் லண்டன் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்: மூலையில் வளையம் பிய்ந்து போனால் ஒரு கூழாங்கல்லை எடுத்து, தரப்பாளால் பொத்தி, கல்லுக்குப் பின்னால் கழுத்தில் கயிற்றைக் கட்டினால் எந்தக் காற்றுக்கும் கிழியாது. ஓட்டை போட்டுக் கட்டினால்தான் கிழியும். சமையல் கூடாரத்துக்கு வெளியே, தள்ளி, காற்றுக்குக் கீழ்ப்பக்கமாக. நைலோன் பற்றினால் உருகித் தோலில் ஒட்டும்.

கேள்வி: வெயில் காக்கும் சேட் என்று ‘யூபீஎப் 50’ போட்டு விற்கிறார்கள். வாங்கலாமா?
– பாடசாலை மாணவி, மல்லாவி

பதில்: சூரியனின் புற ஊதாக் கதிரில் ஐம்பதில் ஒரு பங்குதான், அதாவது 2 சதவீதம், துணிக்குள்ளால் வரும் என்பது அதன் பொருள். நாள் முழுக்க மைதானத்தில் நிற்கிற ஆளென்றால் வாங்கலாம். இல்லையென்றால் நெருக்கமாக நெய்த, தளர்வான, நீட்டுக்கை சேட் போதும். வெளிச்சத்துக்குப் பிடித்துப் பாருங்கள், மறுபக்கம் தெரிந்தால் வெயிலும் வரும். நனைந்த மெல்லிய வெள்ளை ரீசேட் காய்ந்ததைவிடக் குறைவாகத்தான் காக்கும். கிரிக்கெற் தொப்பி பிடரியை மூடாது, சுற்றிவர விளிம்பு வேண்டும். பனையோலைத் தொப்பி போட வெட்கப்படாதீர்கள்.

கேள்வி: பிள்ளைகளைக் குளத்தில் குளிக்க விடும்போது கையில் போடுகிற காற்றடைத்த வளையம் போதுமா?
– ஒரு தாய், ஒட்டுசுட்டான்

பதில்: போதாது. அது விளையாட்டுச் சாமான். காற்றுப் போகும், கையால் கழன்றும் போகும். உயிர்காப்பு அங்கிதான் வேண்டும், அதுவும் பிள்ளையின் கிலோவுக்கு ஏற்றது. அது உள்ளே எழுதியிருக்கும், அதையும் பிரட்டிப் பாருங்கள். வளரட்டும் என்று பெரிதாக வாங்குகிற கதை இங்கே வேண்டவே வேண்டாம். போட்டுப் பூட்டியபின் தோள் இரண்டிலும் பிடித்து மேலே தூக்குங்கள். அங்கி காது வரை ஏறினால் தண்ணீரில் பிள்ளை அதற்குள்ளால் நழுவும். சின்னப் பிள்ளைக்குக் கவட்டுக்குள்ளால் போகிற பட்டி கட்டாயம். நீலம், பச்சை வேண்டாம், குளத்துத் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாது. குளம் நிரம்பி வான் பாய்கிற நாளில், தண்ணீர் திறந்துவிடுகிற துருசடியில், எந்த அங்கி போட்டும் இறக்க வேண்டாம். அங்கி போட்ட பிள்ளைக்கும் கைக்கு எட்டுகிற தூரத்தில் நீங்கள் நிற்க வேண்டும்.

கேள்வி: தரம் 9 படிக்கிற மகன் தை மாதம் பள்ளிக்கூடத்தோடு சிவனொளிபாத மலைக்குப் போகிறான். எங்களிடம் குளிர் உடுப்பு ஒன்றுமில்லை.
– ஒரு தகப்பன், துணுக்காய்

பதில்: புதிதாக வாங்கித் தள்ள வேண்டாம். மலை 2,243 மீற்றர். ஆயிரம் மீற்றருக்குச் சுமார் ஆறரைப் பாகை வீதம் குளிரும். துணுக்காயில் இரவு 24 பாகை என்றால் உச்சியில் கிட்டத்தட்ட 10, அதற்கு மேலே காற்று. ஆனால் படி ஏறுகிறபோது வேர்த்துக் கொட்டும். பருத்திப் பெனியன் அந்த வேர்வையைக் குடித்து வைத்திருந்து, உச்சியில் விடியலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறபோது உடம்பை விறைக்க வைக்கும். ஏறும்போது விளையாட்டுக்குப் போடுகிற பொலியெஸ்ரர் ரீசேட் மட்டும் போடட்டும். சுவெற்றரும் காய்ந்த ரீசேட் ஒன்றும் பொலித்தீனில் சுற்றிப் பையில் இருக்கட்டும். மேலே போனதும் முதலில் நனைந்ததை மாற்ற வேண்டும், பிறகுதான் சுவெற்றர். பிந்தினால் கை நடுங்கி மாற்றவும் வராது. ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் பாரம். புதுச் சப்பாத்தும் வேண்டாம், காலுக்குப் பழகினது போதும்.

சுவெற்றர் கம்பளி என்றாலும் காற்று உள்ளே வரும், அதற்கு மேலே ஏதாவது வேண்டும். புதுக்குடியிருப்புத் தங்கச்சியிடம் இருக்கிறது போல, மழைக்கு உதவாமல் போன வெளிநாட்டு ஜக்கெற் ஒன்று உங்கள் சொந்தத்தில் யாருடைய சூட்கேசிலாவது கட்டாயம் கிடக்கும். வாங்கி உள்ளுக்குப் பிரட்டி, உதிர்கிறதைக் காய்ந்த பிரஷால் தட்டிவிட்டுக் கொடுங்கள். காற்றை மறிக்க அது தாராளம். அளவு பெரிதாக இருந்தால் இன்னும் நல்லது, சுவெற்றருக்கு மேலே போட இடம் இருக்கும்.