குழந்தை இயேசு முன்னணையில் இருந்தபோது உலகத்தை யார் பார்த்துக்கொண்டார்?

சிஸ்டர், உங்கள் ராயபுரம் ஞாயிறு பள்ளியில் பத்து வயதுப் பையன், "ஆண்டவர் முன்னணையில குழந்தையா படுத்திருந்தப்போ உலகத்தை யாரு பாத்துக்கிட்டாங்க?" என்று கேட்டதாகவும், பதில் தெரியாமல் திணறியதாகவும் எழுதியிருந்தீர்கள். அருமையான கேள்வி, தயவுசெய்து அவனை அடக்கிவிடாதீர்கள்.

நான்காம் நூற்றாண்டிலேயே அலெக்சாந்திரியாவின் ஆயர் அத்தனாசியுஸ் இதற்குப் பதில் சொல்லியிருக்கிறார். வார்த்தையானவர், அதாவது கடவுளின் மகன், மனித உடலில் இருந்தார், ஆனால் உடலுக்குள் அடைபட்டுப் போகவில்லை. அப்போதும் எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டுதான் இருந்தார்.

சரி, இதை மட்டும் சொன்னால் பிள்ளைகள் 'அப்போ மனுஷ வேஷம் போட்டு வந்தாரு' என்று நினைத்துக்கொள்வார்கள். எனக்கு அதுதான் பெரிய கவலை. வேஷத்துக்குப் பசிக்காது. 451இல் கல்கெதோனில் கூடிய திருச்சபை ஆயர்களின் சங்கம் அவரை முழுக் கடவுள், முழு மனிதர் என்று அறிக்கையிட்டது. பாதி பாதி அல்ல.

மாற்கு நற்செய்தியின் 4ஆம் அதிகாரத்தை எடுங்கள். புயலில் படகுக்குள் தண்ணீர் ஏறுகிறது, அவர் பின்பக்கத்தில் தலையணை வைத்துத் தூங்குகிறார். காசிமேட்டுப் பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டாம். ராத்திரி முழுக்கக் கடலில் இருந்துவிட்டு, விடியற்காலை வலைமேலேயே சாய்ந்து தூங்கும் அப்பாவைப் பார்த்தவர்கள் அவர்கள். அந்த அசதி இயேசுவுக்கும் நிஜம். எழுந்து கடலைப் பார்த்து "இரையாதே, அமைதலாயிரு" என்றதும் அதே ஆள்தான். அந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி, பையனையே பேசவிடுங்கள்.

அப்புறம், அடுத்த வாரம் அவன் என்ன கேட்டான் என்று கட்டாயம் எழுதுங்கள்.