சாதாரண இல்லத்தரசி

வணக்கம் சார்,

இரண்டு மாதமாக ஆங்கிலப் பாடகர் நிக் டிரேக்கின் பாட்டுகளை யூடியூபில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். மூன்றே ஆல்பம் போட்டுவிட்டு 26 வயதில் போய்விட்டார். அப்பா பொறியாளர், அம்மா சாதாரண இல்லத்தரசி என்று படித்தேன். அப்படி ஒரு வீட்டில் இந்த மேதை எங்கிருந்து வந்தார்? மூன்று ஆல்பங்களில் எதை முதலில் முழுதாகக் கேட்கலாம்? ஆங்கில வரிகள் பாதி புரியவில்லை, பரவாயில்லையா? அவருடைய கடைசி ஆல்பமான ‘பிங்க் மூன்’ ஒரு தற்கொலைக் கடிதம் என்கிறான் நண்பன், உண்மையா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

வரிகள் புரியாவிட்டால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. உங்கள் நண்பரிடம் இதைச் சொல்லுங்கள்: ‘பிங்க் மூன்’ 1971 அக்டோபரில் இரண்டே இரவுகளில் பதிவானது. ஸ்டுடியோவில் டிரேக்கும் ஒலிப்பதிவாளர் ஜான் வுட்டும் மட்டும்தான். மொத்தம் 28 நிமிடம். அவர் இறந்தது 1974 நவம்பரில். மூன்று வருடம் முன்பே கடிதம் எழுதி, அதைக் கம்பெனி மூலமாகக் கடைகளுக்கும் அனுப்பிவிட்டுக் காத்திருந்தாரா? செத்துப்போனவன் பாட்டில் எல்லாம் சாவைத் தேடுவது சோம்பேறித்தனம். விடுங்கள்.

எனக்குக் கோபம் வந்தது வேறு இடத்தில். “சாதாரண இல்லத்தரசி.” இந்த இரண்டு சொற்களை எழுதும்போது உங்கள் கை கொஞ்சம்கூடத் தயங்கவில்லையா?

அந்த இல்லத்தரசியின் பெயர் மோலி டிரேக். 1915இல் ரங்கூனில் பிறந்தவர். 1942இல் ஜப்பான் படை வந்தபோது தப்பி தில்லிக்கு வந்தார் (அதே வருடம் பர்மாவிலிருந்து நம் ஆட்கள் காட்டு வழியாக நடந்தே வந்தார்கள், அது வேறு கதை). போர் முடிந்து மறுபடி ரங்கூன் போய், அங்கே 1948இல் நிக் பிறந்து, ஐம்பதுகளின் தொடக்கத்தில் இங்கிலாந்துக்குத் திரும்பி டான்வர்த்-இன்-ஆர்டன் என்கிற கிராமத்தில் குடியேறினார்கள். அந்த வீட்டில் ஒரு பியானோ இருந்தது. மோலி தானே பாட்டு எழுதி, தானே மெட்டுப் போட்டு, அதில் வாசித்துப் பாடுவார். மேடை ஏறவில்லை, இசைத்தட்டு போடவில்லை. கணவர் ராட்னி, நீங்கள் சொன்ன அந்தப் பொறியாளர், ஒரு டேப் ரெக்கார்டர் வாங்கி அவற்றைப் பதிவு செய்து வைத்தார். அவ்வளவுதான் நடந்தது. மோலி 1993இல் இறந்தார். அந்தப் பதிவுகள் பரவலாக வெளியே வந்தது 2013இல்.

அவற்றைக் கேளுங்கள். பெரும்பாலும் சின்னச் சின்னப் பாட்டுகள், பாதிப் பேச்சு மாதிரி ஆரம்பித்துச் சட்டென்று முடிந்துவிடும். பியானோவின் கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கிற சுரக்கட்டுகள்) நாம் எதிர்பார்க்கிற இடத்தில் போய் உட்காராமல் பக்கத்துப் படியில் நின்றுகொள்ளும். பிறகு மகனிடம் வாருங்கள். கித்தாரின் கம்பிகளை வழக்கமான சுருதியில் வைக்காமல் பாட்டுக்குப் பாட்டு மாற்றிக் கட்டுவார், மேடையில் அதற்காகவே வெகுநேரம் குனிந்து உட்கார்ந்திருப்பார், கூட்டம் பொறுமை இழக்கும். அத்தனை பாடுபட்டு அந்தக் கம்பிகளில் அவர் தேடியது எதை? அம்மாவின் பியானோவை என்றுதான் நான் சொல்வேன். நிக்கின் இசைக்கு வேர் அந்தக் கார்டுகளில் இருக்கிறது என்று அவருடைய முதல் இரண்டு ஆல்பங்களின் தயாரிப்பாளர் ஜோ பாய்டே சொல்லியிருக்கிறார். வானத்திலிருந்து யாரும் விழவில்லை, எஸ். அடுத்த அறையில் ஒரு பெண் பாடிக்கொண்டிருந்தாள், அவன் கேட்டு வளர்ந்தான்.

இவ்வளவு திட்டுவதற்கு எனக்கு என்ன தகுதி என்றால், ஒன்றும் இல்லை. என் அம்மாவும் பாடுவாள். அரிசி புடைக்கும்போது அவளே கட்டின பாட்டு: எதிர்வீட்டு ஆடு செய்த அட்டகாசம், அப்பா சம்பளத்தைக் கொண்டுவந்து கொடுக்கிற அழகு, எல்லாம் வரும். 1983இல் துபாயிலிருந்து வந்த மாமா ஒரு டூ-இன்-ஒன் கொண்டுவந்தார், ரேடியோவும் கேசட் ரெக்கார்டரும் சேர்ந்த பெட்டி. ஒரு சாயங்காலம் அம்மாவை உட்காரவைத்துப் பாடச்சொல்லிப் பதிவு செய்தார், அவள் வெட்கப்பட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டே பாடினாள். ஒரே வாரம். ரேடியோவில் எனக்குப் பிடித்த சினிமாப் பாட்டு வந்தது, வேறு கேசட் கைக்கு அகப்படவில்லை, அதன்மேலேயே பதிந்துவிட்டேன். கேசட்டின் மேல் விளிம்பில் இருக்கிற அந்தச் சின்ன பிளாஸ்டிக் பல்லை உடைத்துவிட்டால் அதன்மேல் யாரும் பதிய முடியாது. ஒன்பதாம் வகுப்புப் படித்த எனக்கு அது நன்றாகத் தெரியும். என் சினிமாப் பாட்டுக் கேசட்டுகளில் எல்லாம் உடைத்துத்தான் வைத்திருந்தேன்.

அம்மாவிடம் சொன்னபோது, “போனா போவுது, நான் எங்கடா போயிட்டேன், இங்கதானே இருக்கேன்” என்றாள்.

சரி, நீங்கள் கேட்டது. முதல் ஆல்பத்திலேயே தொடங்குங்கள், ‘ஃபைவ் லீவ்ஸ் லெஃப்ட்’, 1969. சிகரெட் சுற்றுகிற தாள் கட்டில் இன்னும் ஐந்து தாள்தான் பாக்கி என்று அச்சடித்திருப்பார்களாம், அதுதான் தலைப்பு. பாட்டுப் பாட்டாகப் பிய்க்காமல் வரிசையாகக் கேளுங்கள். அப்புறம், அடுத்த கடிதத்தில் உங்கள் அம்மா என்ன பாடுவார் என்று எழுதுங்கள். தெரியாது என்றால் அடுப்படிக்குப் போய்க் கேட்டுவிட்டு எழுதுங்கள்.