கழித்துக் கட்டிய கணினியின் எஸ்எம்பிஎஸ் பெட்டியை வேறு எதற்காவது பயன்படுத்த முடியுமா?

முடியும். கணினியின் மதர்போர்டு போய்விட்டது, வீட்டு மின்சாரத்தைக் கணினிக்கு ஏற்ற குறைந்த வோல்ட்டாக மாற்றித் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டி மட்டும் நல்ல நிலையில் இருக்கிறது, பழைய இரும்புக் கடையில் போடுவதா வேண்டாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து போட்டுவிடாதீர்கள். ஒரு மல்டிமீட்டரும் சால்டரிங் அயனும் உங்களிடம் இருக்கும், அல்லது தெரிந்தவரிடம் இரவல் வாங்க முடியும் என்று எண்ணிக்கொண்டு இதை எழுதுகிறேன். அந்தப் பெட்டி, மின்னணுக் கருவிகளை இணைத்துச் சோதிக்க மேசைமேல் வைத்துப் பயன்படுத்தும் ஓர் அருமையான பவர் சப்ளை ஆகும்.

நான் பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் படித்த காலத்தில், ஆய்வகத்தின் ரெகுலேட்டட் பவர் சப்ளைகள் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டப்பட்டே இருந்தன. ஆய்வுக் குழு வரும் நாளில் துடைத்து வெளியே வைப்பார்கள். மறுநாள் அவை மீண்டும் உள்ளே போய்விடும். கருவி பழுதாகிவிடும் என்ற அச்சத்தில் மாணவர் கையில் கருவியையே கொடுக்காத அந்த வழக்கத்தின் மீது எனக்கு இன்றளவும் கோபம் உண்டு. தொட்டுப் பார்க்காமல் யாருக்கு மின்னணுவியல் வரும்? படிப்பு முடிந்தபின், எங்கள் தெருவில் மூடப்பட்ட ஒரு கணினிப் பயிற்சி மையத்திலிருந்து எஸ்எம்பிஎஸ் ஒன்றை எடைக்கு வாங்கி, அதைக் கொண்டு எனக்கென ஒரு பவர் சப்ளையை அமைத்துக்கொண்டேன். ரேடியோ, எல்இடி பட்டை, சிறு மோட்டார், கார் ஸ்டீரியோ என்று என் மேசைக்கு வரும் அனைத்தையும் இன்றும் அதில்தான் இணைத்துச் சோதிக்கிறேன்.

1995இல் இன்டெல் நிறுவனம் கணினிப் பாகங்களுக்கு ஏடிஎக்ஸ் என்ற பொது அமைப்பை வகுத்ததால் நமக்கு ஒரு பெரிய வசதி கிடைத்தது: எந்த நிறுவனத்தின் பெட்டியாக இருந்தாலும் பெரும்பாலும் கம்பிகளின் நிறம் ஒன்றே. மஞ்சள் 12 வோல்ட், சிவப்பு 5 வோல்ட், ஆரஞ்சு 3.3 வோல்ட், நீலம் மைனஸ் 12 வோல்ட், கறுப்பு கிரவுண்டு, அதாவது எல்லாவற்றுக்கும் பொதுவான பூஜ்ய வோல்ட் முனை. மின்சாரம் கொடுத்தவுடன் ஊதாக் கம்பியில் மட்டும் 5 வோல்ட் காத்திருக்கும், மற்றவை உறங்கும். பச்சைக் கம்பியைக் கறுப்புடன் இணைத்தால்தான் பெட்டி விழிக்கும். எனவே அந்த இரண்டுக்கும் இடையில் ஒரு சாதாரண ஸ்விட்ச் வைத்தால் போதும். சில பிராண்டட் கணினிகளில் இந்த ஒழுங்கு மாறும். புதிய பெட்டிகள் சிலவற்றில் எல்லாக் கம்பிகளும் கறுப்பாகவே வரும். அங்கே பச்சைக்குரிய இடம் 24 முனை இணைப்பானில் 16ஆவது, 20 முனை இணைப்பானில் 14ஆவது. எதுவானாலும் பெட்டி ஓடத் தொடங்கியதும் ஒவ்வொரு கம்பியையும் மீட்டரில் அளந்துவிட்டு மேலே செல்லுங்கள்.

பழைய பெட்டிகளில் 12 வோல்ட்டையும் 5 வோல்ட்டையும் ஒரே கட்டுப்பாட்டுச் சுற்று கவனித்துக்கொள்ளும். 5 வோல்ட்டில் சுமை (மின்னோட்டத்தை எடுத்துக்கொள்ளும் கருவி) எதுவும் இல்லாவிட்டால், 12 வோல்ட்டில் சுமை ஏற்றியவுடன் அது தளர்ந்து 11 வோல்ட் பக்கம் இறங்கக்கூடும். சில பெட்டிகள் அணைந்தே போகும். அதற்காகச் சிவப்புக்கும் கறுப்புக்கும் இடையில் 10 ஓம், 10 வாட் செராமிக் ரெசிஸ்டர் ஒன்றை இணையுங்கள். அதில் அரை ஆம்பியர் ஓடி 2.5 வாட் வெப்பமாக வெளியேறும் என்பதால், மின்விசிறியின் காற்று படும் இடத்தில் பொருத்துவது நல்லது.

இந்த வேலைக்குப் பெட்டியைத் திறக்கவே தேவையில்லை. நம் 230 வோல்ட் மின்சாரம் உள்ளே நேர்மின்சாரமாக மாறி, ஏறத்தாழ 325 வோல்ட்டாகப் பெரிய கபாசிட்டர்களில் தங்கியிருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது சட்டென்று போய்விடாது. ஆகவே கம்பிகளை அப்படியே வெளியே ஒரு சிறு மரப்பெட்டிக்குக் கொண்டுவந்து, அதன் முகப்பில் கம்பி மாட்டும் டெர்மினல்களைப் பொருத்துங்கள். 5 வோல்ட்டில் ஒரு யுஎஸ்பி சாக்கெட்டும் வைக்கலாம். அதன் நடுவிலுள்ள இரண்டு டேட்டா முனைகளையும் ஒன்றோடொன்று இணைத்துவிட்டால், அதைச் சார்ஜர் என்று பல கைபேசிகள் அடையாளம் கண்டு கூடுதல் மின்னோட்டத்தை எடுத்துக்கொள்ளும்.

இதற்குக் கீழே வந்து, “கடையில் ரெடிமேடாகக் கிடைப்பதற்கு இவ்வளவு பாடா” என்று சிலர் எழுதக்கூடும். வோல்ட்டேஜையும் மின்னோட்ட வரம்பையும் திருகி வைக்கும் வசதி கடைக் கருவியில் உண்டு, இதில் கிடையாது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் 12 வோல்ட்டில் 10 ஆம்பியருக்கு மேல் தரக்கூடிய கருவியை விலை கொடுத்து வாங்கிப் பாருங்கள், பிறகு பேசுவோம். அந்த வலிமையே ஆபத்தும்கூட. மெல்லிய கம்பி ஒன்று ஷார்ட் ஆனால், பெட்டி தன்னை அணைத்துக்கொள்ளும் முன்பே கம்பி சிவக்கக் காய்ந்துவிடும். ஒவ்வொரு டெர்மினலுக்கும் தனித்தனியாக 5 ஆம்பியர் ஃபியூஸ் போட்டே தீரவேண்டும். காரில் போடும் பிளேடு ஃபியூஸ் மலிவாகக் கிடைக்கும்.

இன்வெர்ட்டர் பேட்டரியை இதில் சார்ஜ் செய்யலாமா என்று அடுத்து கேட்பீர்கள், எல்லோரும் கேட்கிறார்கள். கூடாது. 12 வோல்ட் பேட்டரி என்று சொன்னாலும் அது முழுதாக நிறைய 13.8 முதல் 14.4 வோல்ட் வரை வேண்டும். இந்தப் பெட்டி 12க்கு மேல் தராது. நிறைந்த பேட்டரியை இணைத்தால் மின்னோட்டம் பேட்டரியிலிருந்து பெட்டிக்குள் திரும்பும். பேட்டரிக்கு அதற்கென உள்ள சார்ஜரையே பயன்படுத்துங்கள்.