பெசன்ட் நகரில் மர நிழல் வீடு: 1.30 கோடி கொடுக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 39, கணவருக்கு 43. இருவருக்கும் தனியார் வேலை. பிடித்தம் போக மாதம் 1.90 லட்சம் கைக்கு வருகிறது. வேளச்சேரியில் மெயின் ரோட்டை ஒட்டிய வீட்டில் 24,000 ரூபாய் வாடகைக்கு இருக்கிறோம். மகள் ஏழாம் வகுப்பு. என் அப்பாவுக்கு 74 வயது, எங்களோடுதான் இருக்கிறார். வீசிங் தொந்தரவு உண்டு. தூசியும் ராத்திரி லாரிச் சத்தமும் அவரைப் படுத்துகின்றன. பெசன்ட் நகரில் ஓர் அமைதியான தெருவில் பழைய ஃபிளாட் ஒன்று வந்திருக்கிறது. 1994-ல் கட்டியது, மொத்தம் 8 வீடுகள், இரண்டாம் மாடி, லிஃப்ட் கிடையாது. 980 சதுர அடி, யு.டி.எஸ். (மனையில் இந்த வீட்டுக்குரிய பிரிக்கப்படாத பங்கு) 520 சதுர அடி. ஜன்னலைத் திறந்தால் மரங்கள்தான். விலை 1.30 கோடி. அந்தத் தெருவில் மனை ஒரு கிரவுண்ட் 4 கோடி போகிறது என்கிறார் தரகர். அதே கட்டடத்தில் வாடகை 34,000. விற்பவர் வயதான அம்மா; கணவர் உயில் எழுதாமல் இறந்துவிட்டார், மகன்கள் இருவரும் அமெரிக்காவில். எங்களிடம் எஃப்.டி. 30 லட்சம், மியூச்சுவல் ஃபண்ட் 24 லட்சம் இருக்கிறது. பி.எஃப். தனி. கார் கடனுக்கு மாதம் 11,000 போகிறது. 'எத்தனை வருஷம் வாடகையைத் தண்டமா கட்டுவீங்க?' என்று உறவினர்கள் கேட்கிறார்கள். மாத முடிவுக்குள் 2 லட்சம் அட்வான்ஸ் கேட்கிறார் தரகர். கொடுக்கலாமா?

பதில்: இப்போது கொடுக்க வேண்டாம். அந்தப் பகுதிக்குக் குடிபோவதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

கணக்குக்குப் போகும் முன் உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய ஒரு வரியைச் சொல்கிறேன். அப்பாவுக்கு மூச்சுத் தொந்தரவு. வீடோ லிஃப்ட் இல்லாத இரண்டாம் மாடி. அவருக்காகத்தான் இடம் மாறுகிறீர்கள். இன்றைக்கு ஒருவேளை மெதுவாக ஏறிவிடுவார். 78 வயதில்? மழைக்காலத்தில் வீசிங் கூடும் நாளில்? கீழே மரத்தடியும், சற்றுத் தள்ளி எலியட்ஸ் கடற்கரையும் இருக்க, அவர் மேலே ஜன்னல் கம்பி வழியாகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இப்படிப் பெற்றோருக்காக வாங்கிய மாடி வீட்டை நான்கே வருடத்தில் விற்க வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். பத்திரச் செலவும் தரகும் அவர்களுக்குத் திரும்பி வரவில்லை.

சரி, பணம். 1.30 கோடி என்பது வீட்டின் விலை மட்டும்தான். மறுவிற்பனை வீட்டுக்குத் தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%. முழு விலைக்குப் பத்திரம் போட்டால் 11.70 லட்சம். (குறைத்துப் போடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வங்கிக் கடனும் குறையும், நாளை விற்கும்போது மூலதன ஆதாய வரியும் கூடும்.) தரகு 1% என்றால் 1.30 லட்சம். முப்பது வருடக் கட்டடத்தில் ஒயரிங், பைப், பாத்ரூம் மாற்றாமல் குடிபோக முடியாது. குறைந்தது 8 லட்சம் வையுங்கள். ஆக 1.51 கோடி.

75 லட்சத்துக்கு மேற்பட்ட வீட்டுக் கடனில் வீட்டு மதிப்பில் 75% வரைதான் வங்கி தரலாம் என்பது ரிசர்வ் வங்கி விதி. பத்திரச் செலவு அந்த மதிப்பில் சேராது. உங்களுக்கு அதிகபட்சம் 97.5 லட்சம். பழைய கட்டடம் என்பதால் வங்கியின் மதிப்பீட்டாளர் இன்னும் குறைத்துப் போட்டாலும் வியப்பில்லை. மீதி 53.5 லட்சம் உங்கள் கையிலிருந்து. இருப்பதே 54 லட்சம். வீட்டுக்குள் காலெடுத்து வைக்கும் நாளில் பி.எஃப். தவிர உங்களிடம் ஏதும் இருக்காது. அப்பாவை ஓர் இரவு ஆஸ்பத்திரியில் சேர்த்தாலும் கடன் அட்டையைத்தான் நீட்ட வேண்டியிருக்கும்.

97.5 லட்சத்துக்கு 8% வட்டி, 20 வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 81,500. கார் கடன் 11,000, பராமரிப்பு 4,000 சேர்த்தால் சம்பளத்தில் பாதிக்கு மேல் போய்விடும். கணவருக்கு 63 வயதாகும் வரை கட்ட வேண்டும். மகள் கல்லூரிக்குப் போக இன்னும் ஐந்தாறு வருடம்தான்.

இனி அந்த 'தண்டம்' என்ற வார்த்தை. உங்கள் முதல் மாதத் தவணை 81,500-ல் 65,000 வட்டி. அசலில் கழிவது 16,500 மட்டுமே. வட்டியும் திரும்பி வராத பணம்தானே? இதற்கு மேல், உங்கள் 53.5 லட்சம் 7% ஈட்டினால் வந்திருக்கக்கூடிய மாதம் 31,000 ரூபாயும் நின்றுபோகிறது. அதே கட்டடத்தில் அதே மரத்தைப் பார்க்க வாடகை 34,000. வட்டியும் நின்றுபோன வருமானமும் சேர்ந்து 96,000, அதாவது வாடகையைவிட மாதம் 62,000 கூடுதல். அதை ஈடுகட்டி வாங்குவது வாடகைக்குச் சமமாக வேண்டுமானால், அந்த ஃபிளாட்டின் விலை ஆரம்ப ஆண்டுகளில் வருடத்துக்குச் சுமார் 5.7% ஏறியாக வேண்டும். முதலிலேயே போய்விடும் 21 லட்சம் செலவை இதில் நான் சேர்க்கவில்லை. புதிய வரி முறையில் இருந்தால், குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டிக்கு விலக்கும் இல்லை.

விலை அப்படி ஏறாதா என்று கேட்பீர்கள். ஏறலாம். ஏறுவது நிலம், கட்டடம் ஒவ்வொரு வருடமும் தேயும். அதனால் 1.30 கோடியில் எது எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்போம். கிரவுண்ட் என்பது 2,400 சதுர அடி. 4 கோடி என்பது உண்மையானால் உங்கள் 520 சதுர அடி பங்கின் விலை சுமார் 87 லட்சம். மீதி 43 லட்சம் கட்டடத்துக்கு, அதாவது சதுர அடிக்கு ஏறக்குறைய 4,400 ரூபாய். நடுத்தரமான தரத்தில் புதிதாகக் கட்டவே அவ்வளவு ஆகாது. கடற்காற்றில் நின்ற முப்பது வருடப் பழைய கட்டடத்துக்கு 18 லட்சம் கொடுப்பதே தாராளம். அப்படியானால் 25 லட்சம் எதற்கு? அந்த நிழலுக்கும் அமைதிக்கும்.

அதற்கு விலை கொடுப்பது தவறு என்று நான் சொல்லவில்லை. வேளச்சேரி மெயின் ரோட்டில் தூங்காத அப்பாவை வைத்திருப்பவருக்கு அமைதியின் அருமை என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனால் அந்த 25 லட்சத்துக்குப் பத்திரத்தில் ஒரு வரிகூட இருக்காது. ஜன்னலுக்கு வெளியே நிற்கும் மரம் யாருடையது என்று கேட்டீர்களா? பக்கத்துத் தனி வீட்டு வளாகத்தில் இருந்தால், அந்த வீடு என்றைக்கு இடிபடுகிறதோ அன்றைக்கு மரமும் போகலாம். அடையாறு, பெசன்ட் நகர்ப் பக்கம் பழைய தனி வீடுகள், கீழே வண்டி நிறுத்தத் தூண்தளம் வைத்த அடுக்குமாடிகளாக மாறிக்கொண்டே இருக்கின்றன. ஒன்று கட்டி முடிய ஒன்றரை, இரண்டு வருடம் டிரில்லிங் சத்தமும் சிமென்ட் தூசியும்தான். சாலையோர மரமும் நிரந்தரமில்லை. 2016 டிசம்பர் வர்தா புயலில் ஒரே நாளில் சென்னை எத்தனை மரங்களை இழந்தது என்பதைப் பார்த்தவர்கள் நாம்.

அமைதியையும் ஒரே ஒரு செவ்வாய்க்கிழமைக் காலை பதினோரு மணிக்குப் போய் அளக்க முடியாது. ஞாயிறு மாலை கடற்கரைக்கு வரும் கூட்டம் எந்தெந்தத் தெருவில் வண்டியை நிறுத்துகிறது, ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணி மாதா கோயில் திருவிழாவில் போக்குவரத்து எப்படி மாறுகிறது, பள்ளி விடும் நேரத்தில் ஹாரன் எப்படி இருக்கிறது என்பதெல்லாம் அங்கே குடியிருந்தால்தான் தெரியும். சி.எம்.டி.ஏ.வின் (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) நிலப் பயன்பாட்டு வரைபடத்தில் அந்தத் தெரு முதன்மைக் குடியிருப்பு மண்டலமா, கலப்புக் குடியிருப்பு மண்டலமா என்றும் பாருங்கள். கலப்பு மண்டலம் என்றால் நாளை எதிர்வீட்டில் பெரிய கடையோ உணவகமோ வர வாய்ப்பு அதிகம்.

ஆகவே என் யோசனை: அமைதியை முதலில் வாடகைக்கு எடுங்கள். அதே பெசன்ட் நகரிலோ, சாஸ்திரி நகர், இந்திரா நகர்ப் பக்கமோ, தரைத்தளம் அல்லது லிஃப்ட் உள்ள வீடாக 36,000 - 38,000 வாடகைக்குத் தேடுங்கள். இப்போது கொடுப்பதைவிட மாதம் 14,000 வரை கூடும். அப்பா அடுத்த மாதமே நிம்மதியாகத் தூங்குவார். ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிவு செய்துகொள்ளுங்கள். 2017-ம் ஆண்டு வாடகைச் சட்டம் அதைத்தான் கேட்கிறது.

கார் கடனும் புது வாடகையும் போக 1.41 லட்சம் மிஞ்சும். அதில் மாதம் 45,000-ஐ இரண்டு வருடம் ஒதுக்கினால், இருக்கும் 54 லட்சத்தின் வளர்ச்சியும் சேர்ந்து கையில் சுமார் 73 லட்சம் ஆகும். ஆனால் வீட்டுக்கான பணத்தைப் பங்குச் சந்தையில் விடாதீர்கள். மியூச்சுவல் ஃபண்டில் எவ்வளவு ஈக்விட்டி (பங்கு முதலீடு) என்று பார்த்து, படிப்படியாக எஃப்.டி.க்கோ ஆர்.டி.க்கோ மாற்றுங்கள். அந்த நிலையில் 1.15 கோடி வரை ஒரு வீடு பார்க்கலாம். 70 லட்சம் கடன், 15 வருடத் தவணை சுமார் 67,000, இன்றைய சம்பளத்திலேயே 35%. எல்லாச் செலவும் போக எட்டொன்பது லட்சம் அவசரத்துக்கு இருக்கும்.

இரண்டு வருடத்தில் விலை கைக்கு எட்டாமல் போய்விட்டால்? அந்த ஆபத்து இருக்கிறது, மறைக்க மாட்டேன். 1.15 கோடி வருடம் 5% ஏறினால் சுமார் 1.27 கோடி ஆகிவிடும். அப்போது சம்பள உயர்வைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும், அல்லது ஓர் அறை குறைந்த வீட்டுக்கு இறங்கி வர வேண்டும். கையில் ஒன்றுமில்லாமல் 97.5 லட்சம் கடனில் நிற்பதைவிட இந்த ஆபத்தைத் தாங்க முடியும் என்பது என் கணிப்பு.

இதையெல்லாம் படித்த பிறகும் அந்த வீட்டை விட மனமில்லை என்றால், 1.30 கோடிக்கு வேண்டாம். நிலமும் கட்டடமும் சேர்ந்து 1.05 கோடி, நிழலுக்காக இன்னும் 10 லட்சம் வரை கொடுக்கலாம். பேரம் பேசும் முன் ஒரு கட்டமைப்புப் பொறியாளரை அழைத்துப் போங்கள். கடலோரக் கட்டடங்களின் நோய் உப்புக் காற்று. அது கான்கிரீட்டுக்குள் போய்க் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு உப்பும்போது மேலிருக்கும் சிமென்ட் வெடித்துப் பெயரும். பால்கனியின் அடிப்பக்கம், மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியின் தூண்கள், படிக்கட்டின் அடிப்பகுதி ஆகியவற்றை அவர் தட்டிப் பார்க்கட்டும். உள்ளே புதிதாக அடித்த பெயின்ட்டைப் பார்த்து மயங்காதீர்கள்.

யு.டி.எஸ். 520 என்பதையும் வாய்வார்த்தையாக நம்பாமல், எட்டு வீடுகளின் பங்கையும் கூட்டினால் மனையின் மொத்தப் பரப்பு வருகிறதா என்று வக்கீலிடம் சரிபார்க்கச் சொல்லுங்கள். பெசன்ட் நகரில் வீட்டு வசதி வாரியம் ஒதுக்கிய மனைகள் நிறைய. முதல் ஒதுக்கீட்டுதாரருக்கு வாரியம் கிரயப் பத்திரம் எழுதிக் கொடுத்திருக்கிறதா என்பது முக்கியம். நாளை இடித்துக் கட்டும் பேச்சு வந்தால், 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த அடுக்குமாடி உரிமைச் சட்டத்தின்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதிக்க வேண்டும். எட்டில் ஆறு பேர். உயர் அலைக் கோட்டிலிருந்து (கடல் அலை ஏறி வரும் எல்லை) 500 மீட்டருக்குள் இருந்தால் கடற்கரை ஒழுங்குமுறை அனுமதியும் சேர்ந்துகொள்ளும். நிலத்துக்கு 87 லட்சம் என்று நான் போட்ட கணக்கு இந்த இரண்டிலும் தடை இல்லை என்றால்தான் நிற்கும்.

விற்பவர் விஷயத்தில் அவசரமே கூடாது. கணவர் உயிலின்றி இறந்ததால், வீடு அவர் பெயரில் இருந்திருந்தால் அந்த அம்மாவின் கையெழுத்து மட்டும் போதாது, மகன்களும் வாரிசுகள். அவர்கள் அங்கிருந்து பவர் (தங்கள் சார்பில் கையெழுத்திட அதிகாரம் தரும் பத்திரம்) கொடுத்தால், அது தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று, இங்கே வந்து மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்தியதாக இருக்க வேண்டும். டி.டி.எஸ்., அதாவது விற்பவருக்குத் தரும் பணத்தில் நீங்கள் பிடித்துக் கட்ட வேண்டிய வரி, இன்னொரு கண்ணி. 50 லட்சம் அல்லது அதற்கு மேல் விலையுள்ள வீட்டை உள்நாட்டில் வசிப்பவரிடம் வாங்கினால் 1% பிடித்துக் கட்டினால் போதும். வெளிநாட்டில் வசிப்பவரின் பங்குக்குப் பிடித்தம் அதைவிடப் பல மடங்கு. பிடிக்காமல் விட்டால் வருமான வரித் துறை கேட்பது வாங்கிய உங்களைத்தான். ஆடிட்டரிடம் பேசாமல் அட்வான்ஸ் என்ற சொல்லையே எடுக்காதீர்கள்.

தரகரிடம் 'வாரிசுச் சான்றிதழ், மூலப் பத்திரம், முப்பது வருட வில்லங்கச் சான்றிதழ் மூன்றின் நகலையும் கொடுங்கள், வக்கீல் பார்த்த பிறகு பேசுவோம்' என்று மட்டும் சொல்லுங்கள். மாத முடிவுக் கெடு தானாகத் தளர்ந்தாலும் தளரும். இதற்கிடையில் வரும் சனி, ஞாயிறு வாடகை வீடு பார்க்கக் கிளம்பும்போது அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். அந்தத் தெருவில் கால் மணி நேரம் அவர் நடந்து பார்க்கட்டும். எந்த வீடு என்பதில் அவர் சொல்வதற்கு முதலிடம் கொடுங்கள்.