வடைக்கடை எண்ணெயில் ஈஸ்டை வளர்த்து சோப்புக்கு மாற்று செய்ய முடியுமா?

"பழைய எண்ணெய், வீணான கருப்பட்டி இதையெல்லாம் ஈஸ்டுக்குக் கொடுத்தால் சோப்பு மாதிரி அழுக்கு நீக்கும் பொருள் கிடைக்குமாமே, ராமநாதபுரம் பக்கம் சிறுதொழிலாகச் செய்யலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

பொருள் கிடைக்கும். எம்.எஸ்சி. படித்தபோது ஐந்து மாதம் இதைத்தான் செய்தேன். தொழிலாகுமா என்பது வேறு கதை.

முதலில் ஒன்று: ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட் இதற்கு உதவாது. ஸ்டார்மெரெல்லா பாம்பிகோலா என்ற ஈஸ்ட் வேண்டும். பம்பிள் தேனீயின் தேனிலிருந்து பிரித்தெடுத்த இனம் அது. சர்க்கரையும் எண்ணெயும் சேர்த்துக் கொடுத்து, நைட்ரஜனைக் குறைத்துவிட்டால், வளர்வதை நிறுத்திவிட்டு சோஃபரோலிப்பிட் என்ற அழுக்கு நீக்கும் பொருளைச் சுரக்கும். ஒரு முனையில் சர்க்கரை, மறுமுனையில் கொழுப்பு அமிலம். ஒன்று தண்ணீரைப் பிடிக்கும், மற்றது எண்ணெயைப் பிடிக்கும். தண்ணீரின் பரப்பு இழுவிசை (மேற்பரப்பைப் படரவிடாமல் இழுத்துப் பிடிக்கும் விசை) 72 மில்லிநியூட்டன்/மீட்டர். இது கொஞ்சம் கலந்தாலே 35 பக்கம் இறங்கிவிடும்.

எண்ணெய்க்கு பாம்பனில் ஒரு வடைக்கடை அண்ணனைப் பிடித்தேன். சர்க்கரைக்கு, மழைக்காலத்தில் கசிந்து உருகிப்போன கருப்பட்டி. சாயல்குடிப் பக்கம் ஒரு அம்மா, "இதை வச்சு என்னப்பா செய்யப் போற, மாட்டுக்கா?" என்று கேட்டுவிட்டு அரை விலைக்குக் கொடுத்தார்.

முதல் தொகுதி நாசம். இரவில் கரண்ட் போய், குடுவைகளைக் குலுக்கும் எந்திரம் நின்றுவிட்டது. இந்த ஈஸ்டுக்குக் காற்று நிறைய வேண்டும். காலையில் திறந்தால் ஊசிப்போன வாடை. இரண்டாவது தொகுதியில், ஏழாம் நாள் குடுவையைச் சாய்த்துப் பார்த்தபோது அடியில் தேன் மாதிரி பழுப்பாக ஒன்று மெதுவாக நகர்ந்தது. தட்டில் தண்ணீர் ஊற்றி, மேலே பழைய என்ஜின் ஆயிலைப் படரவிட்டு, நடுவில் அந்தப் பழுப்புப் பொருளில் ஒரு சொட்டு விட்டேன். எண்ணெய் ஓரத்துக்கு ஓடி ஒதுங்கி, நடுவே வட்டமாகத் தண்ணீர் தெரிந்தது. படகுத்துறையில் டீசல் படலத்தைப் பார்த்தே வளர்ந்தவனுக்கு அது எப்படி இருந்திருக்கும்! (அதற்காக மன்னார் வளைகுடாவில் கொண்டுபோய் ஊற்றிவிடாதீர்கள்.)

சுத்தமான குளுக்கோஸும் புது எண்ணெயும் கொடுத்து, பெரிய நொதிகலனில் (ஈஸ்டை வளர்க்கும் தொட்டி) லிட்டருக்கு 100 கிராமுக்கு மேல் எடுக்கிறார்கள். எனக்கு 20 கிராம் தேறியதே பெரிது. காரணம் கழிவுதான். ஒரு நாள் எண்ணெயில் மசாலா, மறுநாள் மீன் பொரித்த உப்பு, அடுத்த நாள் கருகல். ஒரு தொகுதி போல இன்னொன்று வராது. அடியில் தங்கியதிலும் செரிக்காத எண்ணெய் ஒட்டிக்கொண்டிருக்கும். அதைப் பிரிக்க எத்தில் அசிட்டேட், ஹெக்சேன் என்று கரைப்பான்கள் வேண்டும். என் செலவில் பாதிக்கு மேல் அங்கேதான் போனது.

அப்புறம், கழிவு எண்ணெய் இப்போது சும்மா கிடைப்பதில்லை. மொத்த முனைவுச் சேர்மங்கள் (திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது எண்ணெய் சிதைந்து உண்டாகும் பொருள்கள்) 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயில் சமைக்கக்கூடாது என்ற விதி 2018 ஜூலையில் வந்தது. அதன் பிறகு பயோடீசலுக்காகக் காசு கொடுத்தே வாங்கிப் போகிறார்கள். நீங்கள் அவர்களோடு போட்டி போட வேண்டும்.

யார் வாங்குவார்கள் என்பதையும் யோசியுங்கள். மிச்சமிருந்ததை என் அம்மாவிடம் கொடுத்து, எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய சட்டியில் தேய்த்துப் பார்க்கச் சொன்னேன். பிசுக்கு போய்விட்டது. ஆனால் சோஃபரோலிப்பிட்டுக்கு நுரை குறைவு. பாத்திரம் கழுவும் எந்திரத்துக்கு நுரை ஆகாது; அதனால்தான் ஜப்பானில் சராயா நிறுவனம் அந்த எந்திரத்துக்கான பொருளில் இதைச் சேர்க்கிறது. அம்மாவுக்கு அதெல்லாம் எதற்கு? "நுரையே வரலையேடா" என்று சொல்லிவிட்டு, மறுபடி சோப்புப் போட்டுக் கழுவினார்.